ஆறுக்கு மூன்று: பரபரப்பான வழக்குகளில் தீர்ப்பு பிறக்கும் விதம்

(பாகாயத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1945ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில், நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஒன்பது ஜூரர்கள் ஒரு கொலை வழக்கில் தங்கள் முடிவைத் தெரிவித்தார்கள். கொலையுண்டவர் ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய சி.என். லட்சுமிகாந்தன். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்தவர். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் மூவரைத் தமிழகம் முழுவதும் அறியும்: எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோவைப் படத் தயாரிப்பாளர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் கொலைச் சதியில் பங்குள்ளவர்கள் என்று ஆறு ஜூரர்கள் சொன்னார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். இருவருக்கும் தீவாந்தர தண்டனை கிடைத்தது. அந்தச் சமயத்தில் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. மேல்முறையீடு சென்னையில் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மீண்டும் விசாரிக்கும்படி சென்னைக்கே திரும்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் இருவரும் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுவித்தார்கள். இரண்டாண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய உயரத்தை எட்டவில்லை.

இந்த வழக்கைப் பற்றி எண்பது ஆண்டுகளாக நாம் பேசிவருகிறோம். பேச்சு பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே போகிறது. ஜூரர்கள் யார், அவர்களுக்கு சினிமாக்காரர்கள் மேல் வெறுப்பா, வெள்ளைக்கார நீதிபதிக்கு என்ன நினைப்பு, பின்னால் நின்று ஆட்டுவித்தது யார் என்று கேட்கிறோம். பரபரப்பான வழக்குகள் எல்லாவற்றிலும் இதே கேள்விகள்தான் முதலில் எழுகின்றன. முடிவு பிடிக்காதபோது முடிவெடுத்தவர்களின் சாதி, மதம், தொழில், நட்பு ஆகியவற்றைத் தேடுகிறோம். இந்தத் தேடல் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை வேறு: அந்த ஆட்களின் முன் வைக்கப்பட்ட சாட்சியம் எத்தனை உறுதியானது? அவர்களிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது? எத்தனை பேர் சொன்னால் போதும் என்று சட்டம் வகுத்திருந்தது? தப்பு நேர்ந்தால் திருத்த வழி இருந்ததா? தீர்ப்பாளரின் மனச்சாய்வு எந்த மன்றத்திலும் உண்டு. அது தீர்ப்பாக மாறுவது சாட்சியம் தளர்ந்த இடத்தில்தான். அதற்குக் கதவு திறந்துவிடுவது விதிகள். இதுவே இன்று நான் நிறுவ முயலும் கருத்து.

ஜூரி என்பது எப்படி இயங்கியது என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். நம் வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் செஷன்ஸ் நீதிமன்றங்களில் கொலை வழக்குகளுக்குப் பெரும்பாலும் அசெசர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம். நீதிபதி அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னைப் பட்டணத்து உயர்நீதிமன்றத்தில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி அமர்ந்தது. சட்டம் எது என்று நீதிபதி விளக்குவார். சாட்சியத்தைத் தொகுத்துச் சொல்வார். நடந்தது என்ன என்பதை ஜூரிதான் முடிவு செய்யும். ஒன்பது பேரும் ஒருமித்துச் சொன்னால் நீதிபதி அதன்படியே தீர்ப்பளிக்க வேண்டும். ஒருமிப்பு இல்லாவிட்டால் குறைந்தது ஆறு பேர் ஒரு பக்கம் நிற்க வேண்டும், நீதிபதியும் அவர்களோடு உடன்பட வேண்டும். உடன்படாவிட்டால் ஜூரியைக் கலைத்துவிட வேண்டும். காரணம் எழுதித் தரும் கடமை ஜூரிக்கு இல்லை. இந்த விதியை வைத்துப் பார்த்தால் 1945இன் ஆறுக்கு மூன்று என்ற கணக்கின் பொருள் புலப்படும். தண்டிக்கச் சட்டம் கேட்ட மிகக் குறைந்த எண்ணிக்கையே அதுதான். ஆறில் ஒருவர் மனம் மாறியிருந்தால் அந்த ஜூரியின் கையால் தண்டனை கிடைத்திருக்க முடியாது. இங்கிலாந்தின் அன்றைய விதிப்படி பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லியாக வேண்டும். அங்கே மூன்று பேரின் மறுப்பு தண்டனையைத் தடுத்திருக்கும். அதே மனிதர்கள், அதே சாட்சியம். கடல் கடந்தால் முடிவு வேறு. பெரும்பான்மையே போதும் என்ற அந்த விதியைத்தான் இந்தியருக்குத் தக்கது என்று ஆட்சியாளர்கள் வகுத்திருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. உயர்நீதிமன்றத்தில் ஜூரி வைத்து நடந்த விசாரணையில், நடந்த நிகழ்ச்சியைக் குறித்தே மேல்முறையீடு செய்யும் உரிமை 1943இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால்தான் கிடைத்தது. லட்சுமிகாந்தன் சில ஆண்டுகள் முன்னதாகக் கொல்லப்பட்டிருந்தால், அந்த ஆறு பேரின் சொல்லே ஏறக்குறைய கடைசிச் சொல்லாக இருந்திருக்கும். பாகவதரை விடுவித்தது இரண்டு நல்ல நீதிபதிகளின் மனம் மட்டுமில்லை. அவர்கள் கைக்கு வழக்கு போய்ச் சேர வழி வகுத்த ஒரு சட்டப் பிரிவும்தான்.

இனி ஜூரர்கள் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் மண்ணில் ஆங்கிலேயர் நடத்திய முதல் ஜூரி விசாரணையிலேயே இதற்கு ஒரு தடயம் கிடைக்கிறது. 1665இல் சென்னைக் கோட்டையில் அசென்ஷியா டாவ்ஸ் என்ற ஆங்கிலப் பெண் தன் அடிமைச் சிறுமியைக் கொன்றதாக விசாரிக்கப்பட்டார். ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் கலந்த பன்னிரண்டு பேர் ஜூரி, கொலை உண்மை, ஆனால் குற்றச்சாட்டில் சொன்ன விதத்தில் நடக்கவில்லை என்ற பொருளில் முதலில் விடை தந்தது. தெளிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டதும் குற்றமில்லை என்று முடித்துவிட்டது. கேலிக்குரிய முடிவாக இது தோன்றலாம். உற்றுப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு கதையை நம்பினார்கள். அரசுத் தரப்பு சொன்ன கதை அதனோடு பொருந்தவில்லை. ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களுக்குள் தங்கள் கதையை அடைக்கத் தெரியாமல் தவித்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஆய்ந்து சொன்னதும் இதையே. ஜூரர்கள் ஒவ்வொரு சாட்சியத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிக் கழிப்பதில்லை. யார், எதற்காக, என்ன செய்தார் என்று ஒரு கதை கட்டுகிறார்கள். இடைவெளிகளை உலகம் பற்றிய தங்கள் அறிவால் நிரப்புகிறார்கள். பிறகு எந்தத் தீர்ப்பு அந்தக் கதைக்குப் பொருந்துகிறது என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

இடைவெளிகளை நிரப்புவது என்ற அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி கால்வென், ஹான்ஸ் செய்சல் இருவரும் 1966இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகளில், ஜூரி சொன்ன முடிவையும் அதே வழக்கில் நீதிபதி தனியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதையும் ஒப்பிட்டது. நான்கில் மூன்றுக்கும் சற்று மேலான வழக்குகளில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வேறுபட்ட வழக்குகளில் பெரும்பாலும் ஜூரி இளக்கம் காட்டியது. அதைவிட முக்கியம், வேறுபாடு எங்கே எழுந்தது என்பது. சாட்சியம் ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்த வழக்குகளில் ஜூரர்களின் அனுதாபமும் வெறுப்பும் பெரிதாக வேலை செய்யவில்லை. இரு பக்கமும் சமமாக நின்றபோது, எப்படி முடிவு செய்தாலும் சாட்சியத்துக்கு விரோதமில்லை என்ற விடுதலை கிடைத்தது. அந்த விடுதலையில் மனச்சாய்வு புகுந்தது. ஆம்பூர், வாணியம்பாடியில் தோலைத் தரம் பிரிப்பவர்களிடம் இதைக் காணலாம். மாசு மருவற்ற தோலையும் கத்தி வெட்டு விழுந்து பாழான தோலையும் பத்துப் பேர் பார்த்தாலும் ஒரே பேச்சுத்தான். நடுத்தரத்தில்தான் ஆளுக்கொரு கணிப்பு. அங்கேதான் வாங்குபவர் கண்ணும் விற்பவர் கண்ணும் வேறாகின்றன. பரபரப்பான வழக்கு என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் அந்த நடுத்தர வழக்கையே. சாட்சியம் ஐயமற இருந்தால் பரபரப்பு விரைவில் அடங்கிவிடும்.

அதே ஆய்வு இன்னொரு செய்தியும் சொன்னது. ஜூரி அறைக்குள் நடக்கும் முதல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் பெரும்பான்மையோ, பத்தில் ஒன்பது தடவை அதுவே இறுதி முடிவாகிறது. ஒற்றை மனிதர் எழுந்து நின்று மற்றவர் அனைவரையும் மாற்றுவது திரைப்படத்தில் நடக்கும், நிஜத்தில் அரிது. ஆகவே விவாதத்துக்கு மதிப்பில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒருமித்த முடிவு வேண்டும் என்ற விதி இருந்தால் பெரும்பான்மை தன் கதையைச் சிறுபான்மையிடம் விளக்கியாக வேண்டும். ஆறு போதும் என்றால் ஆறு கிடைத்த நொடியில் பேச்சு நின்றுபோகலாம். எஞ்சிய மூவரின் ஐயத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020இல் லூசியானா மாநிலத்தின் பெரும்பான்மை விதியை ஒதுக்கி, கடுங்குற்ற வழக்குகளில் ஒருமித்த முடிவே வேண்டும் என்று வகுத்தபோது, அந்த விதி இனச் சிறுபான்மையினரின் குரலை ஜூரிக்குள் செல்லாக்காசாக்கும் நோக்கத்தோடு பிறந்தது என்ற வரலாற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்த வெளிச்சத்தில் பாகவதர் வழக்குக்குத் திரும்புவோம். கத்தியால் குத்தியவர்கள் என்று அரசுத் தரப்பு சொன்னவர்களின் நிலை வேறு. பாகவதர், கிருஷ்ணன் நிலை வேறு. இவர்கள் இருவரும் சம்பவ இடத்தில் இருந்ததாகக் குற்றச்சாட்டே இல்லை. சதி என்பதே குற்றச்சாட்டு. சதிக்குச் சாட்சி பெரும்பாலும் சதிக்குள் இருந்தவனே. ஆகவே அப்ரூவராக மாறியவரின் வாய்மொழி வழக்கில் பெரும் பாரத்தைச் சுமந்தது. அன்றைய சாட்சியச் சட்டமே இதில் இரண்டு குரலில் பேசியது. உடந்தையாளின் சொல்லை மட்டும் நம்பித் தண்டித்தால் அது சட்டவிரோதமாகாது என்றது ஒரு பிரிவு. வேறு சான்று துணை நின்றாலொழிய அவன் சொல் நம்பத்தக்கதன்று என்று கொள்ளலாம் என்றது இன்னொன்று. பழகிய வழக்கறிஞர்களே தடுமாறும் இந்த நூல் இடைவெளியை ஒன்பது பொதுமக்கள் கையில் கொடுத்தார்கள். மஞ்சள் பத்திரிகையால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொலைக்கான நோக்கம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். நோக்கம் தெளிவாகவும் செயல் மங்கலாகவும் இருக்கும்போது, கதை கட்டும் மனம் நோக்கத்திலிருந்து செயலுக்குத் தாவிவிடும். ஆறு பேர் தாவினார்கள், மூன்று பேர் தயங்கினார்கள் என்றுதான் அந்த எண்களை நான் படிக்கிறேன். சினிமாக்காரர்கள் மேல் வெறுப்பு என்ற விளக்கம் போதவில்லை. அதே ஜூரி விசாரித்த அதே வழக்கில்தான் அதே சினிமா உலகின் ஸ்ரீராமுலு நாயுடு வெளியே வந்தார். புகழ் காப்பாற்றும் என்ற விளக்கமும் நிற்கவில்லை. பாகவதரைவிடப் புகழ் பெற்றவர் அன்று யார்?

இதற்குப் பக்கத்தில் இலங்கை வழக்கு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். மகாதேவா சதாசிவம் 1948இல் பிராட்மன் தலைமையில் வந்த ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கை அணியின் தலைவராக ஆடியவர். 1951 அக்டோபர் 9ஆம் நாள் கொழும்பில் அவர் மனைவி கொல்லப்பட்டார். சதாசிவம் கைதானார். வீட்டு வேலைக்காரர் அரசுத் தரப்புச் சாட்சியானார். ஆக இங்கேயும் பெரும் புகழ் கொண்ட ஒருவர், இங்கேயும் உடந்தையாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டு சாட்சி கூறும் ஒருவர். வேறுபாடு ஒன்றுதான். இந்த வழக்கில் வாய்மொழிக்கு வெளியே உரசிப் பார்க்க ஒரு கல் இருந்தது: மரணம் நேர்ந்த நேரம். சதாசிவம் அன்று காலை வீட்டைவிட்டு டாக்ஸியில் கிளம்பிய நேரம் தெரியும். அதற்கு முன் மரணமா, பின் மரணமா? கொழும்புப் பேராசிரியர் டி சேரம் ஒரு பக்கம், எடின்பரோவின் புகழ்பெற்ற தடயவியல் அறிஞர் சிட்னி ஸ்மித் எதிர்ப்பக்கம். சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா குறுக்கு விசாரணை செய்தார். நீதிபதி கிராசியன் முன்னிலையில் ஐம்பது நாளுக்கு மேல் நீண்ட விசாரணையின் முடிவில், 1953 ஜூன் மாதம், ஏழு ஜூரர்களும் ஒரே குரலில் குற்றமில்லை என்றார்கள். அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. நான் கவனிப்பது வேறு. உரசிப் பார்க்க வழி இருந்த இடத்தில் ஏழு பேர் ஒன்றுபட்டார்கள். வழி இல்லாத இடத்தில் ஒன்பது பேர் பிளந்தார்கள்.

சாட்சியத்துக்கு அடுத்தது, ஜூரியிடம் கேட்கப்படும் கேள்வி. பம்பாயின் நானாவதி வழக்கு இதற்குச் சான்று. 1959 ஏப்ரல் 27ஆம் நாள் கடற்படை அதிகாரி கே.எம். நானாவதி தன் மனைவியோடு தொடர்பு கொண்டிருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டார். அவர் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போனதும், குண்டு பாய்ந்ததும், பின்னர் அவரே போலீசில் சரணடைந்ததும் யாரும் மறுக்காதவை. ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றமில்லை என்றது. கரஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வார இதழ் நானாவதிக்காகக் கொடி பிடித்ததே காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். உயர்நீதிமன்றமும் பிறகு உச்ச நீதிமன்றமும் கண்ட காரணம் வேறு. இழுபறியில் தற்செயலாகச் சுட்டுவிட்டது என்று ஒருவர் வாதாடினால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்று செஷன்ஸ் நீதிபதி ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை. கேள்வியே கோணலாகப் போனபின் விடை நேராக வருமா? செஷன்ஸ் நீதிபதி ஜூரியின் முடிவோடு உடன்படாமல் வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப அன்றைய சட்டம் இடம் தந்தது; அனுப்பினார். நானாவதிக்கு ஆயுள் தண்டனை. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பின்னாளில் மன்னிப்பும் கிடைத்தது. இந்த வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்பது ஊர் அறிந்த கதை. வரலாறு அப்படி இல்லை. 1958இலேயே சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் ஜூரி முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. பல மாநிலங்கள் அதற்கு முன்பே கைவிடத் தொடங்கியிருந்தன. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் எஞ்சியதையும் துடைத்தது.

இப்போது என் வாதத்துக்கு எதிராக வரக்கூடிய மிக வலுவான ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆட்கள் முக்கியமில்லை என்கிறீரே, இலங்கையில் தமிழர் கொலை வழக்குகளில் நடந்ததற்கு என்ன பதில் என்று கேட்கலாம். 1996 பிப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், அநுராதபுரத்தில், சிங்கள ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுவித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016 டிசம்பரில், பாதிக்கப்பட்டோர் தரப்பின் எதிர்ப்பை மீறி அமைக்கப்பட்ட சிங்கள ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட ஐவரையும் விடுவித்தது. தமிழர்கள் கொல்லப்பட்ட மிருசுவில் வழக்கில் ஜூரி இல்லை. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2015இல் ஓர் இராணுவத்தானைத் தண்டித்தது. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தபின் ஆள் யார் என்பது பொருட்டில்லை என்று எவரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

நான் சொல்வது இது. அந்த ஜூரர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எந்த மொழி ஜூரி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கொடுத்தது. மொழி இனத்தோடு ஒட்டிக் கிடக்கும் நாட்டில், ஒரு பக்கத்து வாழ்வனுபவம் மட்டுமே நிறைந்த ஜூரியை அந்த விதி உண்டாக்கியது. வெள்ளையர் ஆட்சியில் ஐரோப்பியர் ஒருவர் மேல் வழக்கு வந்தால் ஜூரியில் பாதிப் பேராவது ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை இங்கே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின்னரே ஒழிந்தது. அதுவும் விதிதான். நியாயமான ஐயம் என்பது கதை கட்டும் மனத்தின் இடைவெளியில் பிறப்பது. ஒரே மாதிரி வாழ்ந்தவர்கள் மட்டும் கூடினால் ஒரே மாதிரி நிரப்புவார்கள். கலப்பான குழு எப்படி நடந்துகொள்கிறது என்று சாமுவேல் சாமர்ஸ் 2006இல் அமெரிக்காவில் செய்த சோதனை காட்டியது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்த மாதிரி ஜூரிகள் அதிக நேரம் பேசின, வழக்கின் செய்திகளை அதிகம் தொட்டன. அந்தக் குழுக்களில் இருந்த வெள்ளையரே, வெள்ளையர் மட்டும் அமர்ந்த குழுக்களில் இருந்தவர்களைவிடக் குறைவாகத் தவறு செய்தார்கள். பக்கத்தில் இருப்பவர் வேறு ஆள் என்றதும் சொந்தக் கதையைச் சரிபார்த்துக்கொண்டார்கள் போலும்.

நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த விவகாரத்தில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 31ஆம் நாள் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஒன்று குற்ற வழக்காகி, இந்தத் தோல் வட்டாரத்திலிருந்து ஒன்பது பேரைப் பொறுக்கி ஜூரி அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பட்டறைக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைப்பவர்; ஒருவர் கிணறு கெட்டு நிலத்தை விட்டவர்; ஒருவர் பட்டறைக்காரருக்குச் சம்பந்தி. பற்றில்லாத ஆள் என்று யாரைத் தேடுவது? இல்லாத ஒருவரைத் தேடி அலைவதைவிட, பற்றுள்ள பலரைக் கலந்து உட்கார வைத்து, ஒருவர் கதைக்கு மற்றவர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று விதிப்பதுதான் செய்யக்கூடியது.

இரண்டாவது ஆட்சேபம்: இந்தியாவில் இப்போது ஜூரியே இல்லை, பயிற்சி பெற்ற நீதிபதி இருக்கிறார், பிறகு என்ன கவலை? கீழ்வெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரிந்து மடிந்தார்கள். செஷன்ஸ் நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலரைத் தண்டித்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தது, பெரும் நிலமும் வசதியும் உள்ளவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருள்பட அத்தீர்ப்பு பேசியது. இதுவும் இடைவெளியை நிரப்பும் கதைதான், நிரப்பியவர்கள் நீதிபதிகள். இன்னொரு வழக்கு நமக்கு மிக அருகில் வந்து முடிந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28ஆம் நாள் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்கை மட்டும் உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள், மற்ற 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. எஞ்சியவர்களில் சிலர் வேலூர் தொரப்பாடிச் சிறையின் மதில்களுக்குள் பல்லாண்டு கிடந்தார்கள். போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கத் தடா சட்டம் கதவு திறந்தது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே, தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கு என்று தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக 2013இல் கூறினார். நாடே கொதித்திருந்த வழக்கில், தளர்ந்த சான்றுக்கு இடம் தரும் விதி இருந்தபோது, சட்டம் படித்தவர்களும் ஜூரர்கள் போலவே நடந்துகொள்ளக்கூடும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். கீழ்வெண்மணித் தீர்ப்பை நாம் இன்றும் வரிவரியாக எடுத்து வைத்து வாதிட முடிகிறது, காரணம் எழுதப்பட்டிருப்பதால். 26 பேரில் 19 பேர் தப்பியதும், கீழ்மன்றம் எழுதிய காரணங்களை மேல்மன்றம் ஒவ்வொன்றாகச் சோதித்ததால். 1945இன் ஆறு ஜூரர்கள் எதை நம்பினார்கள் என்று நமக்கு என்றும் தெரியப்போவதில்லை. மறுத்த மூவர் எதை ஐயுற்றார்கள் என்பதும் தெரியாது; ஈராண்டு கழித்து உயர்நீதிமன்றம் வந்து சேர்ந்தது அவர்கள் நின்ற இடத்துக்குத்தான். ஜூரி முறையின் உண்மையான குறை இந்த மௌனமே. ஜூரர்களின் கல்விக் குறைவன்று. இதை உணர்ந்த நாடுகள் வழி கண்டிருக்கின்றன. ஸ்பெயின் 1995இல் ஜூரியை மீட்டுக் கொண்டுவந்தபோது முடிவுக்குச் சுருக்கமான காரணம் சொல்லும் கடமையையும் சேர்த்தே வைத்தது. ஜப்பானில் 2009 முதல் பெரிய குற்ற வழக்குகளில் மூன்று நீதிபதிகளோடு ஆறு பொதுமக்கள் சேர்ந்து அமர்கிறார்கள். முடிவுப் பெரும்பான்மையில் ஒரு நீதிபதியாவது இருக்க வேண்டும். தீர்ப்பு எழுத்தில் வருகிறது.

மூன்றாவது ஆட்சேபம் நுட்பமானது. முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பின்னால் ஒட்டலாமே, எழுதிய காரணம் வேடமாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். மனத்துக்குள் எது முன், எது பின் என்று எந்த விதியாலும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் வேடம் தரித்த காரணமும் ஏட்டில் ஏறியபின் எதிர்வாதத்துக்கு உட்பட்டாக வேண்டும். சாட்சியத்தோடு பொருந்தாத காரணத்தை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டலாம், மேல்மன்றம் உடைக்கலாம், பிற்காலத்தார் ஏளனம் செய்யலாம். தன் காரணத்தை நாளை வேறொருவர் உடைப்பார் என்று அறிந்தவர் இன்று சற்றுக் கவனமாகவே கதை கட்டுவார்.

ஜூரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது போன வழியில் விட்டுச் சென்ற பாடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். பாடத்தின் ஒரு பகுதி சட்டத்தில் ஏறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 138ஆவது பிரிவு, உடந்தையாளின் சொல்லுக்கு வேறு சான்று துணை நிற்கும்போது தண்டிப்பது சட்டவிரோதமாகாது என்று பேசுகிறது. பழைய இரட்டைக் குரல் அங்கே குறைந்திருக்கிறது. எஞ்சியது நம் கையில். ஒரு பரபரப்பான வழக்கில் தீர்ப்பு வரும் நாளில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நீதிபதியின் ஊரையும் குலத்தையும் நமக்கு உடனே சொல்லிவிடும். அதற்கு முன் தீர்ப்பின் நகலை எடுத்துப் படியுங்கள். எந்தச் சாட்சியை உரசிப் பார்க்க முடிந்தது, எதை முடியவில்லை? இடைவெளியை நிரப்பியது சான்றா, ஊகமா? பாதிக்கப்பட்டோர் எழுப்பிய ஐயத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டோர் எழுப்பிய ஐயத்துக்கும் காரணத்தோடு பதில் இருக்கிறதா? இவற்றுக்கு விடை கண்டபின்பும் தீர்ப்பு தவறென்று பட்டால், ஆளைப் பற்றிய கேள்வியை அப்போது கேளுங்கள். அது அப்போது வசையாக இராது, வாதமாக இருக்கும். விசாரணை அதிகாரியைத் தடயவியல் சான்று தேட வைப்பதும், அரசு வழக்கறிஞரை அப்ரூவர் ஒருவரோடு நின்றுவிடாமல் தடுப்பதும், நீதிபதியைக் காரணம் முழுக்க எழுத வைப்பதும் அப்படிப் படிக்கத் தெரிந்த பொதுமக்களின் கண்காணிப்புதான். இந்த மண்டபத்தில் இருக்கும் சட்ட மாணவர்கள் நாளை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி நீதிமன்றங்களில் கறுப்பு அங்கி அணிந்து நிற்கும்போது தங்கள் கட்சிக்காரருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியும் இதுவே: கேள்வியை நேராக்குவது, சான்றை உரசிப் பார்ப்பது, மறுத்தவரின் ஐயத்தை ஏட்டில் ஏற்றுவது.